கடுகண்ணாவயைப் பார்க்க எங்கே தங்குவது: கணவாய்க்கு மேலா, கீழா, கண்டியிலா?

கொழும்பு–கண்டி வீதியில் போகிற எல்லோரும் கடுகண்ணாவ என்கிற மலைக் கணவாயைக் கடந்துதான் போகிறார்கள். இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் ஒரே இடத்தில் வந்து தடுமாறுகிறார்கள்: அங்கேயே அறை எடுப்பதா, 16 கிலோமீட்டர் தள்ளிக் கண்டியில் தங்கிப் பகலில் போய்வருவதா? போதாததற்கு, மாவனல்லையில் அறை மலிவு என்று ஒருவர் சொல்லியிருப்பார். கோயில்களுக்குப் பிலிமத்தலாவதான் கிட்ட என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். நான்கு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது அறையின் அழகைப் பொறுத்ததல்ல. விடியற்காலையில் எங்கே நிற்க வேண்டும், இரவில் என்ன சாப்பிட வேண்டும், மழை கொட்டினால் கணவாயின் எந்தப் பக்கத்தில் அகப்படுவீர்கள் என்ற மூன்றுமே அதைத் தீர்மானிக்கும்.

## இது எந்த எல்லை, அங்கே பார்க்க என்ன இருக்கிறது

கண்டி இராச்சியத்தின் மேற்கு வாசல் கடுகண்ணாவ. கீழ்நாடு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டிருந்த காலம் முழுவதும், மலையேறி வரும் படையைப் பலனக் குன்றிலிருந்து காவலர்கள் கண்காணித்தார்கள். ‘பலன’ என்ற சிங்களச் சொல்லுக்கே ‘பார்க்கிற’ என்றுதான் பொருள். 1594இல் இவ்வழியாக ஏறிப்போன போர்த்துக்கேயப் படை தந்துரேயில் அழிந்தது. 1602இல் மறுபடி வந்த படை பலனையைப் பிடித்தும் நிலைக்க முடியாமல் அடுத்த ஆண்டு பின்வாங்கியது. 1638இல் கன்னொறுவைப் போர். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனபிறகுதான் இந்த எல்லை அழிந்தது. முழுதும் அழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது: கணவாய்க்குக் கீழே சப்ரகமுவ மாகாணம், கேகாலை மாவட்டம், மேலே மத்திய மாகாணம், கண்டி மாவட்டம்.

தங்குமிடத்தைத் தெரிவதற்கு முன் நேரக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீதிக்காகக் குடைந்த கல்லுக்கு 15 நிமிடம் போதும். இப்போதைய பெருவீதி அந்தக் கல்லின் பக்கமாகப் போகிறது. பழைய துளை ஓரத்தில் நிற்கிறது. வளைவிலேயே வாகனத்தை நிறுத்தாதீர்கள். சற்றுத் தள்ளி அகலமான ஓரம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். இறக்கத்தில் வரும் லொறிக்கு வளைவுக்கு அப்பால் நிற்கும் வேன் தெரியாது.

வீதியை அமைத்த பொறியியலாளர் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் ஏறக்குறைய 125 அடி உயரம். வெளியே நின்று பார்க்க இன்னொரு 15 நிமிடம். உள்ளே ஏறலாம் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், 2014 டிசம்பரில் திறந்த புகையிரத நூதனசாலைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள், பிள்ளைகள் கூட வந்தால் ஒன்றரை. பலனக் குன்றுக்கு அரைக் காலை வேண்டும். கோட்டை என்றாலும் அங்கே மதில் எழுந்து நிற்காது, அத்திவாரமும் மேடும்தான். போகிறவருக்குக் கிடைப்பது அன்றைய காவலனுக்குக் கிடைத்த அதே காட்சி.

கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க மூன்றுக்கும் அரை நாள் வேண்டும். கம்பளை இராச்சிய காலத்து இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதில்தான் அவற்றின் சுவை இருக்கிறது: முதலாவது கருங்கல், இரண்டாவது செங்கல், மூன்றாவது மரம். 1344ஐச் சேர்ந்த கடலாதெனிய விகாரையைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தூண்கள் அந்நியமாகத் தெரியாது. பன்ஹல்கல பாறைமேல் இருக்கும் லங்காதிலகவில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. விபீஷணன், கணபதி, கந்தன் முதலிய தெய்வங்களுக்கும் அங்கே இடமுண்டு. எம்பெக்க தேவாலயத்தில் தூண்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், அண்ணாந்து பாருங்கள்: 26 கைமரங்களை ஒரே மர ஆணி பிடித்துக்கொண்டிருக்கிறது.

றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவ வரையிலான ரயில் ஏற்றத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். சுமார் 20 கிலோமீட்டருக்குள் 1,400 அடி அளவு ஏறுகிறது. சரிவு 45க்கு 1. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது இந்த ஏற்றத்தால்தான், வந்ததன் நோக்கம் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவது. பாதை போட்ட தொழிலாளர் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். அந்தப் பாறை விளிம்பில் கோச்சி ஊர்ந்து போகும்போது அவர்களையும் நினைக்கத்தான் வேண்டும். ஏறும்போது வலப்பக்க ஜன்னல். பள்ளத்தாக்கும் பைபிள் றொக் என்கிற பத்தலேகலவும் அந்தப் பக்கம்.

எல்லாம் கூட்டினால் ஒன்றரை நாள். ஓர் இரவு தாராளம். ரயிலையும் பலனையையும் விடாமல் பார்க்க நினைத்தால் இரண்டு இரவு.

## எதையெல்லாம் வைத்து ஒப்பிடுவது

முதலாவது, கையை விட்டுப் போகும் முழுத்தொகை. அறை வாடகையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 10,000 ரூபாய் அறைக்கு 10% சேவைக் கட்டணம் சேர்ந்தால் 11,000. அதன்மேல் 18% வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்தால் 12,980. பதிவு செய்த ஹோட்டல்கள் இப்படி அறவிடும். சிறிய வீட்டுத் தங்கல்களில் சொன்ன விலைதான் விலை. ஆகவே 12,000 ரூபாய்க்கு ‘எல்லாம் சேர்த்து’ என்று சொல்லும் வீடு, 10,000 என்று பலகை போட்ட ஹோட்டலைவிட மலிவு. இதற்கு மேல் ஓட்டோ அல்லது வேன் ஓட்டமும் இரவுச் சாப்பாடும் இருக்கின்றன.

இரண்டாவது, சாப்பாடு. இலங்கையில் ‘ஹோட்டல்’ என்ற பலகை முக்கால்வாசி இடங்களில் சோற்றுக்கடையைத்தான் குறிக்கும். அங்கே படுக்க இடம் இருக்காது. தங்குமிடம் வேண்டுமென்றால் கெஸ்ட் ஹவுஸ், ஹோம்ஸ்டே, ஹொலிடே பங்களா என்று தேடுங்கள். ‘ரெஸ்ட்’ என்று மட்டும் பலகை போட்ட சில இடங்கள் மணிக்கணக்கில் அறை விடுபவை. குடும்பத்தோடு வருகிறவர்கள் முற்பணம் கட்டுவதற்கு முன் ஒருவரை அனுப்பிப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, வாகனம் வாசல்வரை போகுமா என்பது. மலைச்சரிவில் கட்டிய வீடுகளுக்குப் போகும் கொங்கிரீட் பாதை காருக்கே திணறல். கே.டி.எச். போன்ற பெரிய வேன் ஏறினாலும் திரும்ப இடமிருக்காது. வயதானவர்களும் பயணப்பெட்டிகளும் இருந்தால் இதைக் கடைசியில் கேட்பதில் பயனில்லை.

நான்காவது இரைச்சல், ஐந்தாவது மழை. இவை இரண்டும் இடத்துக்கு இடம் நிறைய மாறுவதால் கீழே விரிவாக வருகின்றன. குளிரை ஓர் அளவுகோலாக எடுக்க வேண்டியதில்லை: கடுகண்ணாவ 500 மீற்றர் உயரம்தான், நுவரெலியாக் குளிர் அங்கே கிடையாது. மின்விசிறி உள்ள அறை போதும்.

## கடுகண்ணாவ: கணவாயின் தலைமாட்டில்

இங்கே தங்குவதற்கு ஒரே காரணம் காலை ஆறு மணி. மூடுபனி பள்ளத்தாக்கில் கிடக்க, கல்லும் கோபுரமும் வாகனக் கூட்டமில்லாமல் இருக்கும் நேரம் அது. ஒன்பது மணிக்குப் பிறகு கண்டியிலிருந்து வருகிறவருக்கு அது கிடைக்காது. முதல் ரயிலைப் பிடித்துப் பலனையில் இறங்க நினைப்பவர்களுக்கும், கமராவோடு வருகிறவர்களுக்கும் இதைவிட நல்ல இடமில்லை.

ஆனால் கடுகண்ணாவ விடுதி ஊர் அல்ல. இருப்பவை சில கெஸ்ட் ஹவுஸ்களும் வீட்டு அறைகளும். ஒன்று நிரம்பிவிட்டால் அடுத்தது என்று தெருவில் நடந்து தேட முடியாது. ஆகவே இங்கே தங்குவதென்றால் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

அடுத்தது இரைச்சல். பெருவீதியைப் பார்த்த அறை எடுத்தால், ஏற்றத்தில் முக்கும் லொறியும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் பஸ்ஸும் இரவு முழுதும் கூடவே இருக்கும். ‘வியூ ரூம்’ என்று சொல்லும்போது எந்தப் பக்கத்து வியூ என்று கேளுங்கள். பள்ளத்தாக்குப் பக்கம் என்றால் சரி, ஆனால் பள்ளத்தாக்கும் பெருவீதியும் ஒரே பக்கத்தில் அமைந்த வீடுகளும் உண்டு. பெருவீதியிலிருந்து 200 மீற்றர் உள்ளே போனாலே இரைச்சல் பாதியாகும், பாதைச் செங்குத்து இரட்டிப்பாகும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும்.

மறைந்திருக்கும் செலவு சாப்பாடு. மாலை கடந்தால் திறந்திருக்கும் கடை சிலதுதான். பேக்கரியும் கொத்தும் கிடைக்கும், மரக்கறிச் சாப்பாடு தேடினால் கஷ்டம். விடுதியிலேயே சாப்பிடுவதென்றால் பகல் இரண்டு மணிக்கு முன் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் சந்தைக்குப் போவார். சைவம் என்றால் ‘மாசி, கருவாடு எதுவும் வேண்டாம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். பருப்பிலும் சம்பலிலும் மாசி போடுவது சாதாரண வழக்கம், அதை அவர்கள் மீனாக எண்ணுவதில்லை.

சுடுதண்ணியையும் கேளுங்கள். சூரிய வெப்பத்தில் ஓடும் தாங்கி, இரண்டு நாள் முகில் மூடினால் பச்சைத்தண்ணிதான் தரும். மின்சார ஹீட்டர் இருந்தால் கவலையில்லை.

## பிலிமத்தலாவ, தவுலகல: கோயில்களின் பக்கம்

பிலிமத்தலாவ சந்தி கடுகண்ணாவயிலிருந்து கண்டிப் பக்கம் சுமார் 5 கிலோமீட்டர். சந்தியில் பெருவீதியை விட்டுத் தெற்கே திரும்பினால் கடலாதெனிய, பிறகு லங்காதிலக, பிறகு எம்பெக்க, தவுலகல என்று ஒரே வழி. வயலும் கிராமமுமான அந்தப் பாதையில் வீட்டுத் தங்கல்கள் இருக்கின்றன. இரவு அமைதியானது. வேனும் பெரும்பாலும் வாசல்வரை போகும்.

கோயில்கள்தான் முக்கியம் என்றால் யோசிக்காமல் இங்கே தங்குங்கள். காரணம் வெயில். லங்காதிலக வெட்டவெளிப் பாறையில் நிற்கிறது. செருப்பைக் கழற்றித்தான் நடக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்குமேல் அந்தப் பாறையில் பிள்ளைகளால் கால் வைக்க முடியாது. இங்கே தங்கினால் ஏழரைக்கு லங்காதிலக, ஒன்பதுக்கு எம்பெக்க, பத்தரைக்குக் கடலாதெனிய என்று வெயிலுக்கு முன்னே முடிக்கலாம். கண்டியிலிருந்து வருகிறவர் இந்த வரிசையைப் பிடிக்க ஆறரைக்கே புறப்பட வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை. வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.

கோயில்களில் இலங்கையருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறுவேறு கட்டணம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த உறவினரைக் கூட்டிப்போகும்போது இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் யாழ்ப்பாணம் எழுதியிருந்தாலும், கையில் இருப்பது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் வெளிநாட்டுக் கட்டணம் கேட்கலாம். பெரிய ஹோட்டல்களின் அறை விலையிலும் இதே வேறுபாடு உண்டு. உள்ளூர்க்காரர் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

குறை என்னவென்றால், சொந்த வாகனம் இல்லாதவருக்கு மாலைக்குப் பின் உள்பாதையில் பஸ் நம்பிக்கையில்லை. ஓட்டோவை நம்பித்தான் வெளியே போக வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பேசாமல், மூன்று கோயிலுக்கும் காத்திருப்போடு சேர்த்து ஒரே தொகை பேசுங்கள். பிலிமத்தலாவ வீதியோரப் பித்தளைக் கடைகளில் விளக்கு வாங்க நினைத்தால் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். பித்தளை பாரத்தில் தெரியும். ஓட்டோக்காரர் தானாகவே ஒரு கடையில் நிறுத்தினால், அவருக்குக் கொடுக்கும் தரகும் விலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

## கண்டி, பேராதனை: நகரத்தில் தங்கிப் பகலில் போய்வருதல்

கண்டியில் எல்லாத் தரத்திலும் அறை உண்டு. ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று. தமிழில் பேசி அறை எடுக்கலாம், சைவக்கடையில் தோசை சாப்பிடலாம், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் காலையில் கும்பிட்டுவிட்டுப் புறப்படலாம். முதல்முறை வரும் குடும்பத்துக்கும், இரவில் வைத்தியசாலை கிட்ட இருக்க வேண்டிய வயதானவருக்கும் இதுவே பாதுகாப்பான தெரிவு.

விலை கொடுப்பது நேரத்தில். 16 கிலோமீட்டர்தான், ஆனால் காலையிலும் பாடசாலை விடும் நேரத்திலும் கெட்டம்பே, பேராதனைப் பகுதியில் வாகனம் நகராது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். இரண்டு நாள் போய்வந்தால் அரை நாள் வீதியிலேயே கரைந்துவிடும்.

ஏசல பெரஹரா நடக்கும் ஜூலை–ஓகஸ்ட் நாட்களில் கண்டியைத் தெரிவில் சேர்க்காதீர்கள், பெரஹரா பார்க்கவே வந்தால் தவிர. வாடகை பல மடங்கு ஏறும்; இரண்டு மூன்று இரவு கட்டாயம் என்று நிபந்தனையும் வைப்பார்கள். அந்த நாட்களில் கடுகண்ணாவயிலோ பிலிமத்தலாவயிலோ தங்கி, பெரஹராவுக்கு ரயிலில் போய்வருகிறவர்கள் புத்திசாலிகள். திரும்பும் ரயில் நேரத்தை மட்டும் முதலில் உறுதிப்படுத்துங்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாட்களிலும் பேராதனையைச் சுற்றிய அறைகள் பெற்றோரால் நிரம்பிவிடும்.

கண்டியை விரும்புகிறவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு: நகர மத்தியை விட்டுப் பேராதனைப் பக்கம் அறை எடுப்பது. காலை நெரிசலின் மோசமான பகுதிக்கு வெளியே இருப்பீர்கள். தாவரவியல் பூங்காவும் பக்கம். ஹட்டன், நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கண்டி நகருக்குள் போகாமலே இறங்கிவிடலாம்.

இணையத்தில் தேடும்போது ‘கண்டி’ என்று போட்ட அறை பல கண்டியில் இருப்பதில்லை. கடுகண்ணாவ, ஹந்தான, திகண எல்லாம் கண்டி என்றே பட்டியலில் வரும். பெருவீதிப் பக்கத்து இடமானால் ‘எத்தனையாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கம்?’ என்று கேளுங்கள். கொழும்பிலிருந்து எண்ணும் அந்தக் கற்களில் 100ஐ ஒட்டியது கடுகண்ணாவ, 105ஐ ஒட்டியது பிலிமத்தலாவ, 116 கண்டி. இந்த ஒரு கேள்விக்கு வரைபடத்தைவிட நேர்மையான பதில் கிடைக்கும்.

## மாவனல்லை, றம்புக்கனை: கணவாயின் அடிவாரம்

மாவனல்லையில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். ஹலால் சாப்பாடு, இரவு நேரத்திலும் பராட்டா, பேச்சுக்குத் தடையில்லாத கடைத்தெரு. அறை வாடகையும் பொதுவாகக் கண்டியைவிடக் குறைவு. கொழும்பு, நீர்கொழும்பு, புத்தளம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும், பின்னவல யானைகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவர்களுக்கும் அடிவாரம்தான் வசதி. ரயில் ஏற்றத்தைப் பார்க்கவும் கீழே தங்குவதே முறை: காலையில் றம்புக்கனையில் ஏறிக் கடுகண்ணாவயில் இறங்கி, நூதனசாலையைப் பார்த்துவிட்டுப் பிற்பகலில் பஸ்ஸில் இறங்கலாம். எல்லா ரயிலும் கடுகண்ணாவயில் நிற்காது. அரச தகவல் நிலையத்தின் 1919க்கு அழைத்து நிற்கும் ரயிலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைகள் மூன்று. அடிவாரம் புழுக்கமானது, இங்கே மின்விசிறி போதாது, குளிரூட்டி வேண்டியிருக்கலாம், சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம். வெள்ளி மாலையில் மாவனல்லைச் சந்தி நெரிசல் பொறுமையைச் சோதிக்கும். வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்களில் ‘இலவசமாகச் சுற்றிக்காட்டுகிறோம்’ என்பார்கள். முடிவில் எண்ணெயும் பொடியும் கடையில் வாங்கும் விலையைவிடப் பல மடங்கில் இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, நீங்கள் கணவாயின் தப்பான பக்கத்தில் இருப்பது. பார்க்க வேண்டியவை மேலே, படுக்கை கீழே. நடுவில் இருக்கும் வீதி மழையில் மூடப்படுகிற வீதி.

## மழை: இதை லேசாக எடுக்காதீர்கள்

2025 நவம்பரில் கீழ்க் கடுகண்ணாவயில் வீதியோரக் கடையொன்றின்மேல் பாறையும் மண்ணும் சரிந்து உயிர்கள் பறிபோயின. அதே மாதக் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் உடைத்தது. ஆகவே ரயிலை நம்பித் திட்டம் போடுகிறவர்கள், அறைக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் றம்புக்கனைக்கும் கண்டிக்கும் இடையில் அன்றைக்கு ரயில் ஓடுகிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். செய்தியில் நீங்கள் தேட வேண்டிய பெயர்கள்: கடுகண்ணாவைக்கு யட்டிநுவர, கோயில்களுக்கு உடுநுவர, அடிவாரத்துக்கு மாவனல்லை, அரநாயக்க. செம்மஞ்சள் வந்துவிட்டால் சரிவில் கட்டிய விடுதியை விட்டுவிடுங்கள், முற்பணம் போனாலும் போகட்டும். அறைக்குப் பின்னால் வெட்டிய மண் சுவர் இருக்கிறதா, அதில் புதிய வெடிப்போ, கலங்கிய நீர் கசிவோ தெரிகிறதா என்று வெளிச்சம் இருக்கும்போதே பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கணவாய் மூடினால் கொழும்புப் பக்கம் போக அம்பேபுஸ்ஸ–குருநாகல்–கட்டுகஸ்தோட்டை வழி இருக்கிறது. கண்டியில் இருப்பவருக்கு அது சுற்றுப்பாதை மட்டும்தான். மாவனல்லையில் இருப்பவருக்கு ஒரு பகல் போச்சு. ஒக்டோபர், நவம்பரில் வருவதாயிருந்தால் மேலே தங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். ஜனவரி முதல் மார்ச் வரை எந்தப் பக்கமும் சரி.

## ஒரே பார்வையில்

| | கடுகண்ணாவ | பிலிமத்தலாவ–தவுலகல | கண்டி–பேராதனை | மாவனல்லை–றம்புக்கனை |
|---|---|---|---|---|
| எதற்குச் சிறந்தது | விடியல், பலன, நூதனசாலை | மூன்று கோயில்கள் | குடும்பம், முதியோர், சாப்பாடு | ரயில் ஏற்றம், பின்னவல |
| அறைத் தெரிவு | மிகக் குறைவு | குறைவு | நிறைய | ஓரளவு |
| இரவு | பெருவீதிப் பக்கம் இரைச்சல் | அமைதி | இடத்தைப் பொறுத்தது | புழுக்கம் |
| மரக்கறிச் சாப்பாடு | முன்கூட்டிச் சொல்ல வேண்டும் | வீட்டில் சமைத்துத் தருவார்கள் | எளிது | தேட வேண்டும் |
| மறைந்த செலவு | இரவுச் சாப்பாடு | ஓட்டோ | வற், சேவைக் கட்டணம், நேரம் | குளிரூட்டி, போய்வரும் ஓட்டம் |
| கனமழையில் | சரிவைப் பார்த்துத் தங்கவும் | ஓரளவு நல்லது | நல்லது | கணவாய் மூடினால் சிக்கல் |

## யார் எதை எடுப்பது

தலவாக்கலை, ஹட்டன் பக்கமிருந்து ஒரு வேன் நிறைய வருகிறவர்களுக்குத் தனித்தனி அறை கட்டாது. பிலிமத்தலாவ, தவுலகலப் பக்கம் முழு பங்களாவாக எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவதே மலிவு. சமைக்க அனுமதி உண்டா, கேஸ் சிலிண்டர் வாடகையில் சேருமா, டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். டிரைவருக்கு இடமில்லை என்றால் அவருக்குத் தனி அறை எடுக்க வேண்டி வரும். வேன்காரரின் இரவுக் கட்டணம் இதற்கு வேறு. வழியில் கம்பளையில் அம்புளுவாவ ஏறிவிட்டு வருவதென்றால் காலையிலேயே ஏறுங்கள். அந்தக் கோபுரத்தின் வெளிப்படிகள் மேலே போகப்போக ஒடுங்கும். கூட்டத்தில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் விலக முடியாமல் நிற்பார்கள்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வரும் சிறு குடும்பம் கண்டியில் தங்கட்டும். பெட்டியை வைத்துவிட்டு ஒரு பகல் கடுகண்ணாவ, மறுபகல் கோயில்கள். தனியாகவோ இருவராகவோ, வரலாறும் ரயிலும் தேடி வருகிறவர்கள் ஓர் இரவு கடுகண்ணாவயில் தங்காமல் போகக் கூடாது. அரச ஊழியர் வீட்டில் இருந்தால் சர்கியூட் பங்களா (அரச திணைக்கள விடுதி) கிடைக்குமா என்று திணைக்களத்தில் விசாரிப்பதும் நல்லது. கிடைத்தால் மேலே சொன்ன விலைக் கணக்கெல்லாம் தலைகீழாகும்.

## தொலைபேசியில் கேட்க வேண்டியவை

இணையத்தளத்தில் பார்த்த அறையை, முடிந்தால் நேரே அழைத்துப் பேசுங்கள். தளத்தின் தரகு இல்லாததால் பலர் குறைத்துத் தருவார்கள். டொலரில் விலை போட்ட அறைக்கு அட்டையில் கட்டினால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இடமா என்றும் கேட்கலாம். முற்பணத்தை வங்கியில் போட்டால் அறையின் எண், திகதி, ஆட்கள், இரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற நான்கையும் குறுஞ்செய்தியில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் அந்தி நேரத்தில் உதவாது. சித்திரைப் புத்தாண்டு நாட்களில் சமையற்காரர் ஊருக்குப் போயிருப்பார், கடைகளும் மூடியிருக்கும். போயா தினத்தில் கோயில்களில் கூட்டம்.

மேல் கடுகண்ணாவயில் சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் வேலை எளிது. ‘காமரயக் தியெனவத?’ என்றால் அறை இருக்கிறதா. ‘உணு வத்துர தியெனவத?’ என்றால் சுடுதண்ணி உண்டா. ‘ஒக்கொம எக்க கீயத?’ என்றால் எல்லாம் சேர்த்து எவ்வளவு. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை எழுதிவைத்துக்கொண்டு, அதே கேள்வியை அடுத்த இடத்திலும் கேளுங்கள்.